கறித்தண்ணி

இதில் நான் சொல்லப்போகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். கற்பூரத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்காக என் இடது கண்ணின் மேலும் சத்தியம் செய்வேன். போன வருஷம்தான் அதற்குப் புரை எடுத்தது. இருபது வருஷத்துக்குக் கவலையில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட கண்ணை அடகு வைத்து யாரும் பொய் சொல்லமாட்டார்கள்.

சேக்காட்டில் எங்கள் குறுக்குத் தெருவில், என் வீட்டுக்கு நேர் எதிர் வீடு பச்சையப்பனுடையது. கீழே அவரும் அவர் மனைவி பூங்காவனமும். மாடியில் வாடகைக்கு ஷவுகத் அலி, அவர் மனைவி அஷ்ரஃபுன்னிசா, பிளஸ் டூ படிக்கிற மகள் சைமா. அந்த வீட்டைப் பச்சையப்பன் தானே பக்கத்தில் நின்று கட்டினார். சிமெண்டு போதாத இடத்தில் நம்பிக்கையைக் குழைத்துப் பூசினார். மாடியில் யாராவது தும்மினால் கீழேயிருந்து பூங்காவனம் 'நூறு' என்பாள். அவ்வளவு கெட்டியான தளம்.

ஷவுகத் அலி ஆட்டோவுக்கு சீட்டு தைக்கிறவர். அம்பத்தூரில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு தையல் மெஷின், மூலையில் ரெக்ஸின் சுருள்கள். அவர் தைத்த சீட்டில் உட்கார்ந்த ஒரு சவாரி இறங்க மனசில்லாமல் திருவள்ளூர் வரைக்கும் போய்த் திரும்பியதாக ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை. பட்டாபிராம் வரைக்கும் போயிருப்பான்.

பூந்தமல்லியில் அண்ணன் தம்பி நாலு பேருக்கும் பொதுவாக இருந்த வீடு விலை போனபிறகு, மனுஷர் வாடகை வீடு தேடினார். பதினாறு வீடு பார்த்தார். பதினாறிலும் மோட்டார் போட்டுக் காட்டினார்கள், குழாயைத் திறந்து காட்டினார்கள், காற்று எந்தப் பக்கம் வரும் என்று கையை நீட்டிக் காட்டினார்கள். கடைசியில் "சார் பேரு?" என்றார்கள். பேரைச் சொன்னதும், அந்த வீடு அன்று காலையில்தான் வேறு ஆளுக்கு முடிந்து போயிருந்தது. பதினேழாவது, பச்சையப்பன் வீட்டு மாடி. எட்டு மாசம் பூட்டிக் கிடந்ததால், பேரைக் கேட்டபிறகும் அவர் யோசித்தார்.

"பாய், நான் அந்த மாதிரி ஆளு இல்ல. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். ஆனா பெரிய கறி, மாட்டுக்கறி மட்டும் ஊட்டுக்குள்ள வரக்கூடாது."

"வராதுண்ணா."

"கும்பலா ஆளுங்க வரக்கூடாது."

"எங்க ஊட்ல மொத்தமே மூணு பேருதாண்ணா. நாங்களே ஒண்ணா வரமாட்டோம், ஒருத்தர் ஒருத்தரா வரோம்."

பச்சையப்பன் சிரிக்கவில்லை. அட்வான்ஸை வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருஷம் நல்லபடியாகப் போனது. சைமா மாடிப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள். நான் என் வாசலில் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததில், இன்றைக்கு என்னை எழுப்பி உட்காரவைத்தால் பென்சீன் வளையம் போடுவேன். ஆவடிப் பள்ளிக்கூடத்துக்கு அவள் நடந்தே போய் வந்தாள். மார்ச்சில் பரீட்சை. அஷ்ரஃபுன்னிசா என்னிடம் ஒருநாள் சொன்னாள்:

"மார்ச்சு வரைக்கும் இந்த ஊடு நெலச்சா போதும் தாத்தா. புள்ள பரீட்சய எழுதிட்டும். அப்பறம் காட்டுக்குப் போன்னாலும் போறோம்."

அவள் கேட்டது அவ்வளவுதான். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சையப்பன் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. முன்பு இருந்தது. புயல் வெள்ளத்தில் கதவு திறக்காமல் மிதந்து, தெருவைத் தாண்டி, முனை டீக்கடை வாசலில் போய் நின்றது. டீக்கடைக்காரர் உள்ளேயிருந்த பாலை எடுத்து ஒன்பது டீ போட்டு விற்றுவிட்டுத்தான் ஆள் அனுப்பினார். அன்றோடு பச்சையப்பன், "இனிமே இந்த ஊட்டுக்குள்ள பொட்டி வராது. ஐஸ்ல வெச்சத துன்னா ஆயுசு கம்மி" என்று முடிவுகட்டிவிட்டார்.

பூங்காவனம் என்ன செய்வாள்? மாவு அரைத்தால் மறுநாள் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளுகிறது. விடியற்காலைப் பூஜைக்குப் பூ வேண்டும். தினமும் வாங்கினால் மார்கழி விலை. அதனால் சனிக்கிழமை ஆவடி மார்க்கெட்டில் அரளி, துளசி, உதிரி மல்லி என்று வாரத்துக்கு மொத்தமாக வாங்கி, பாதியைக் கட்டி, பாதியை உதிரியாக வைத்து, புருஷன் வெளியே போன சமயம் பார்த்து மாடிக்குக் கொண்டுபோவாள். அஷ்ரஃபுன்னிசாவின் ஃபிரிட்ஜில் மேல் தட்டு, பின்பக்கச் சுவரை ஒட்டின இடம், பூங்காவனத்துடையது. அதற்கு ஒரு கந்தல் துணியை விரித்துத் தனியாக ஒதுக்கிவைத்திருந்தாள் அஷ்ரஃபுன்னிசா. கறி, மீன் எல்லாம் மூடி போட்ட டப்பாவில் வேறு பக்கம்.

"அக்கா, அண்ணன் கேட்டா இன்னா சொல்வீங்க?" என்று ஒருதரம் கேட்டிருக்கிறாள்.

"எதிர் ஊட்டுப் பெர்சு ஊட்லன்னு சொல்லிகீறேன். அதுங்கிட்டயும் சொல்லி வெச்சிட்டேன். பொய்தான சொல்லணும், அதுக்கு அல்வா துன்ற மாதிரி."

என்னிடம் சொல்லித்தான் வைத்திருந்தாள். நானும் சரி என்றிருந்தேன். என் வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டு. ஆனால் என் சர்க்கரை வியாதியை உத்தேசித்து என் மனைவி அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருக்கிறாள். எனக்கே அனுமதியில்லாத இடத்தில் பூங்காவனத்தின் அரளிக்கு எப்படி இடம் கிடைக்கும்?

கார்த்திகை மழை நின்று பத்து நாள் இருக்கும். பச்சையப்பன் வீட்டுக் கூடத்து மேற்கூரையில் ஒரு ஈரத் திட்டு வந்தது. முதல் நாள் இட்லி அளவு. மூன்றாம் நாள் தமிழ்நாடு. ஐந்தாம் நாள் கன்னியாகுமரி நீண்டுகொண்டே போய் சுவிட்சுப் பலகையைத் தொட்டது. ஏழாம் நாள் இலங்கை தனியாகப் பிரிந்து நகர்ந்து, சாமி அலமாரிக்கு நேர் மேலே போய் நின்றது. அங்கிருந்து சொட்டியது.

மழைத் தண்ணீர் என்றார் பச்சையப்பன். மழை இல்லை. மாடி பாத்ரூம் என்றார். பாத்ரூம் அந்தப் பக்கமே இல்லை. பிறகு மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார்.

"பாய்! இன்னா பண்றே மேல? ஏரி வெட்றியா?"

ஷவுகத் அலி இறங்கி வந்தார். கையில் தரை துடைக்கிற துணி. அதிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"ஃபிரிட்ஜிண்ணா. உள்ளாற தண்ணி நிக்குது. எங்கேருந்து வருதுன்னே தெர்ல. காய் வெக்கிற டிரேல ரெண்டு சொம்பு புடிச்சி ஊத்துறா அஷ்ரஃபு, ஒரு மணி நேரத்துல திரும்ப நிக்குது."

உண்மைதான். நானும் மேலே போய்ப் பார்த்தேன். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், பூந்தமல்லியில் வாங்கின பழையது, கதவில் ஒரு பெரிய சிவப்புப் பூ. கீழே கண்ணாடித் தட்டைத் தூக்கினால் காய்ப்பெட்டிக்குள் குளம். கத்தரிக்காய்கள் மல்லாந்து மிதந்தன. ஒரு கேரட் முங்கு நீச்சல் பழகிவிட்டிருந்தது. பெட்டி நிறைந்து, கதவின் அடிவழியாக வழிந்து, சமையலறைத் தரையின் ஓடு விரிசலில் இறங்கி, பச்சையப்பனின் நம்பிக்கைக்குள் ஊறி, சாமி அலமாரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கதவு சரியா மூடல, ரப்பர் போச்சி, வெளிக்காத்து உள்ளாற போய் தண்ணியாவுது" என்று தன் தொழிலை ஒட்டி ஒரு முடிவுக்கு வந்தார் ஷவுகத் அலி. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. "பாத்தியா?" என்றார். கடைக்குப் போய், ஆட்டோ சீட்டுக்குப் போடுகிற கறுப்பு ரெக்ஸினில், உள்ளே ஸ்பாஞ்சு வைத்து, இரட்டைத் தையல் போட்டுக் கதவைச் சுற்றி ஒட்டினார். அப்படி ஒரு வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை. கதவை மூடினார். அதன்பிறகு ஒன்றரை நாள் அதைத் திறக்க முடியவில்லை. ஷவுகத் அலி கைப்பிடியை இழுக்க, அவர் இடுப்பை அஷ்ரஃபுன்னிசா இழுக்க, அவள் இடுப்பை சைமா இழுத்தாள். திறந்தபோது மூன்று பேரும் போய் வாசல் படியில் விழுந்தார்கள். பின்னாலேயே தண்ணீர் வந்தது.

"அத்தா, நான் சொன்னா கேளு" என்றாள் சைமா, நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டு. "வெளிலேர்ந்து வரத் தண்ணி இல்ல இது. ஐஸ் உருகித்தான் வருது. அது போறதுக்கு ஒரு வழி இருக்கணும்ல? அந்த வழிதான் அடைச்சிருக்கு. மெக்கானிக்கக் கூப்புடு."

"மெக்கானிக்கு வந்தா காசு கேப்பான்."

"ஓனரு வந்தா ஊட்டக் கேப்பாரு."

அன்று சாயங்காலமே அவர் கேட்டார். அதற்குள் விஷயம் அவர் மண்டையில் வேறு உருவத்தில் முற்றியிருந்தது. தெருவில் நின்றார். அங்கே நின்று பேசினால் தெரு கேட்கும். அவர் எங்கள் நலச் சங்கத் தலைவர். கோடையில் தண்ணீர் லாரி வந்தால், அவர் விரல் நீட்டுகிற வாசலில்தான் முதலில் நிற்கும். அதனால் அவர் பேசினால் எல்லா வீட்டு ஜன்னலும் கொஞ்சம் மரியாதையாகத் திறந்துகொள்ளும்.

"பாய், நான் தெரியாமத்தான் கேக்கறேன். உன் பொட்டிக்குள்ள இன்னா வெச்சிகீறே?"

"காய் வெச்சிகீறோம், பாலு, மாவு…"

"கறி வெச்சிகீறியா இல்லியா?"

"அரைக் கிலோ கீதுண்ணா. ஆட்டுக்கறி."

"அதான். அந்தக் கறித்தண்ணி எங்க சொட்டுது தெரியுமா? எங்க ஊட்டு முருகர் தலைல சொட்டுது. மார்கழி மாசம். தெனம் காலைல குளிச்சிட்டு, வெளக்கேத்தி, கறித்தண்ணியில நனைஞ்ச சாமிய கும்புட்டுக்கினு கீறேன் நானு."

"கறி டப்பாலண்ணா கீது. மூடி போட்டு."

"ஞாயித்துக்கெயம வரைக்கும் டைம் தரேன். அன்னிக்குள்ள நிக்கணும். நிக்கலன்னா ஊட்ட நீ பாத்துக்கோ."

ஜன்னல்கள் மூடிக்கொண்டன. அன்றிரவிலிருந்து எங்கள் தெருவில் 'தண்ணீர்' என்ற சொல்லே வழக்கொழிந்து போனது. கறித்தண்ணி நின்னுச்சா, கறித்தண்ணி இன்னும் சொட்டுதா என்றுதான் பேச்சு. குழாயடியில் சைமாவைப் பார்த்ததும் ஒரு அம்மாள் குடத்தை நகர்த்தி வைத்தாள். அந்த அம்மாளின் வீட்டில் வாரத்தில் நாலு நாள் கருவாடு வறுக்கிற வாசனையில் நான் இரண்டு கவளம் சோறு அதிகமாகத் தின்பேன்.

பூங்காவனம் அந்த வாரமும் பூவோடு மாடியேறினாள். நான் வாசலில் இருந்து பார்த்தேன். இறங்கிவரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேம்புலி வந்தார். ஃபிரிட்ஜ் மெக்கானிக். அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதிக் கம்பெனி கேண்டீன் ஃபிரிட்ஜுகள் அவர் குரலைக் கேட்டால் தானாகவே குளிரும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நுனியைக் கம்ப்ரசரில் வைத்து, கண்ணை மூடி ஒரு நிமிஷம் கேட்டார்.

"இன்ஜின் ராஜா மாதிரி கீது. வயித்துக் கோளாறுதான். மொத்தத்தையும் வெளிய எடுங்க. உள்ளாற ஒரு கொத்தமல்லி கூட இருக்கக்கூடாது."

இந்த வார்த்தையைக் கேட்டதும் அஷ்ரஃபுன்னிசா பூங்காவனத்தைப் பார்த்தாள். ஏனென்றால் பச்சையப்பனும் மேலே வந்துவிட்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் பூங்காவனம். படிக்கட்டில் நான். எனக்குக் கீழே தெருவில் ஏழெட்டுப் பேர்.

ஒரு வீட்டு ஃபிரிட்ஜைக் காலி செய்து தரையில் பரப்புவது, அந்த வீட்டுப் பெண்ணின் அலமாரியைத் திறந்து வீதியில் போடுகிற மாதிரி. அரை வெங்காயம், பேப்பரில் சுற்றின கறிவேப்பிலை, தீர்ந்துபோன தைலக் குப்பிக்குள் ஊற்றிவைத்த எலுமிச்சைச் சாறு, முந்தாநாள் பருப்பு, சைமா தின்றது போக மிச்சம் வைத்த கால்வாசி சாக்லேட். ஒவ்வொன்றாக வந்தது. பூங்காவனத்தின் மாவுத் தூக்கும் வந்தது. அதன் வயிற்றில் 'பெ. பூங்காவனம்' என்று பேர் வெட்டியிருக்கும். அஷ்ரஃபுன்னிசா அதை எடுத்த வேகத்திலேயே எழுத்து சுவர்ப்பக்கம் திரும்பும்படி வைத்தாள். பூப் பொட்டலத்தை அன்று விடியற்காலையிலேயே பூங்காவனம் இறக்கிக்கொண்டு போய்விட்டாள். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார்கள் இரண்டு பேரும்.

"இது இன்னா?" பச்சையப்பன் காலால் சுட்டினார்.

"தேங்காச் சில்லுண்ணா."

"இது?"

"பட்டாணி."

"இது?"

"கறிண்ணா."

"ஆடா?"

"ஆடு."

"ஆடுதானா?"

ஷவுகத் அலி நிமிர்ந்தார். "நீங்க வாங்குற கடதாண்ணா. தீபாளி அன்னிக்கு உங்களுக்கு ரெண்டு ஆளு பின்னால நின்னேன். நீங்க தொடையில ஒரு கிலோ, ஈரல் தனியா வாங்கினீங்க."

"எனக்கு நீ பின்னால நின்னது தெரியாதே" என்றார் பச்சையப்பன். ஷவுகத் அலி கறி டப்பாவை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தார்.

வேம்புலி ஃபிரிட்ஜின் காலை அளந்தார், முன்பக்கம் ஒரு சுற்று உயர்த்தினார். பின்னால் போய்த் தண்ணீர்த் தட்டை எடுத்துப் பார்த்தார். பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்திருந்தது.

"இங்க பாரு பாய். ஐஸ்ஸு உருகுற தண்ணி பின்பக்கமா ஒழுகி, இந்த ஓட்டை வழியா கீழ எறங்கி, இந்தத் தட்டுல நிக்கணும். இன்ஜின் சூட்டுல காஞ்சி போவணும். இதுல ஒரு சொட்டு வரல. அப்ப இன்னா அர்த்தம்?"

"ஓட்டை அடைச்சிகீது" என்றாள் சைமா.

"பொண்ணு பொயச்சிக்கும்" என்றார் வேம்புலி. சைக்கிள் பிரேக் ஒயர் ஒன்றை எடுத்தார். உள்ளே தலையை விட்டு, பின்சுவரில் விரல் நுழையாத ஒரு ஓட்டையில் அதை விட்டுச் சுழற்றினார். வெந்நீரை ஊசி போடுகிற குழலில் ஏற்றிப் பீச்சினார். மறுபடி சுழற்றினார். கொளக் என்று ஒரு சத்தம். கட்டியாக என்னவோ வந்தது. பின்னாலேயே அடைபட்டிருந்த தண்ணீர் சளசளவென்று சரியான வழியில் இறங்கித் தட்டில் விழுகிற ஓசை கேட்டது. அது கேட்க நல்ல ஓசை. சமையலறையில் இருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"மாட்டுச்சிடா மாமே!" வேம்புலி அந்தக் கட்டியை உள்ளங்கையில் வைத்து விரித்தார். "கறித்தண்ணியாம்ல கறித்தண்ணி! தெரு பூரா கேட்டுக்குங்கப்பா! இதுல கறியும் இல்ல, மண்ணும் இல்ல. பூவுப்பா! பூத்தண்ணிப்பா உங்க சாமி மேல சொட்டினது!"

ஷவுகத் அலி சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். சைமா கைதட்டினாள். தெருவில் நின்றவர்களில் ஒருவர், "அதான பார்த்தேன், பாய் அப்பிடிப்பட்ட ஆளு இல்லியே" என்றார்.

அஷ்ரஃபுன்னிசா மட்டும் சிரிக்கவில்லை. பூங்காவனமும்.

பச்சையப்பன் குனிந்தார். வேம்புலியின் கையிலிருந்து அந்தக் கட்டியை விரல் நுனியால் பிரித்தார். அழுகின மல்லி. கறுத்த துளசி. அதற்குள் நிறம் மாறாமல் நாலைந்து சிவப்பு அரளி.

"யார் பூவு இது?"

"என் பூதாண்ணா" என்றாள் அஷ்ரஃபுன்னிசா. "தலைக்கு வெக்க வாங்கினது."

"அரளிய எந்தப் பொம்பளம்மா தலைல வெப்பா?"

பச்சையப்பன் திரும்பி மனைவியைப் பார்த்தார். பூங்காவனம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"நீ பூவ எங்க வெக்கறே?"

"எதிர் ஊட்லதான்."

"எதிர் ஊட்லதான?" அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். "பெர்சு! இவ பூவு உங்க ஊட்லதான் கீதா?"

இங்கே நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். என்னிடம் அந்த நேரத்தில் பொய் இல்லாமல் இல்லை. முழுசாக, சூடாக, வாழை இலையில் வைத்த மாதிரித் தயாராக இருந்தது. 'ஆமாம்பா, எங்க ஊட்லதான் வெக்குது. நம்ம ஊட்டம்மாதான் சாமி அறையில மீந்த பூவ, வாசனைக்கு இருக்கட்டும்னு இந்தப் பொண்ணுகிட்ட குடுத்தா. இது பத்திரமா உள்ள வெச்சிடுச்சி போல.' இவ்வளவுதான். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. என் மனைவியும் ஆமாம் என்றிருப்பாள். ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் பச்சையப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தெரு பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தண்ணீர் லாரி ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

அதுவும் பொய்தான். தப்பான பொய்.

பச்சையப்பன் குதிக்கவில்லை, கத்தவில்லை. வேம்புலிக்கு அவரே கூலி கொடுத்தார். மனைவியைக் கீழே போகச் சொன்னார். தரையில் பரப்பியிருந்த சாமான்களுக்கு நடுவே நின்றபடி, மிகவும் மரியாதையாகப் பேசினார். அன்றுதான் முதல்தடவையாக 'ங்க' போட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். தண்ணி நின்னுச்சி, சந்தோஷம். உங்க மேல ஒரு கொறையும் கெடையாது. துபாய்லேர்ந்து பையன் வரான். கல்யாணம் பேசிக்கினு கீறோம். மாடி தேவப்படுது."

பச்சையப்பனுக்குப் பிள்ளையும் கிடையாது, பெண்ணும் கிடையாது. இது தெருவுக்கே தெரியும். ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, குரலில் ஒரு தட்டுத் தடங்கல் இல்லை. என் எழுபத்தாறு வருஷத்தில் அவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

ஷவுகத் அலி கேட்டார்:

"உங்க பையன் மார்ச்சு முடிஞ்சி வரக்கூடாதாண்ணா?"

"டிக்கெட்டு போட்டுட்டான் பாய்."

"புள்ளைக்குப் பரீட்சண்ணா. ரெண்டரை மாசம்."

"நானா மாட்டேன்றேன்? அவன் கேக்கணுமே." படியிறங்கப் போனவர் நின்றார். "ஒண்ணு. மார்கழில யாரையும் ஊடு காலி பண்ணச் சொல்லக்கூடாது. அந்தப் பாவம் எனக்கு வேணாம். இருந்து, பொங்கல நல்லபடியா கொண்டாடிட்டு, தை நாலாந்தேதி கெளம்புங்க."

ஃபிரிட்ஜ் அதன்பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெறும் காய்ப்பெட்டியை அஷ்ரஃபுன்னிசா தினமும் திறந்து பார்ப்பாளாம். உலர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு மூடுவாளாம்.

கீழே பச்சையப்பன் அலமாரியிலிருந்த படங்களை எல்லாம் இறக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஐயரை வைத்துச் சுத்தம் செய்தார். அந்த ஐயரிடம், 'பூவே தண்ணீராகிச் சாமி தலையில் விழுந்தால் அதற்கு அபிஷேகம் என்றுதானே பேர்?' என்று கேட்கவேண்டும் என்றிருந்தேன். கேட்கவில்லை. நான் அந்த மாதத்தில் கேட்காமல் விட்டது நிறைய.

பூங்காவனத்தின் மாவுத் தூக்கு மாடியிலேயே தங்கிவிட்டது. அவள் மாடிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். ஒருநாள் அஷ்ரஃபுன்னிசா அதைத் தேய்த்துக் கழுவி, வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாது என்று அரைத் தூக்குச் சர்க்கரை போட்டு, கீழ்வீட்டு கேட்டருகில் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா."

பூங்காவனம் வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"உங்க தூக்கு."

"அவரு உள்ள கீறாரு அஷ்ரஃபு."

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. கடைசி வரைக்கும் என் பூதான்னு சொன்னேன்."

"தெரியும்."

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நாந்தான் வெச்சேன்னு. கட்டின பொண்டாட்டியையா காலி பண்ணச் சொல்வாரு?"

பூங்காவனம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உனக்கு வேற ஊடு கெடைக்கும்" என்றாள். "எனக்கு?"

அஷ்ரஃபுன்னிசா தூக்கைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அதைப் பூங்காவனத்தால் உள்ளே எடுத்துப்போக முடியவில்லை. வீதியைத் தாண்டி வந்து என் கையில் கொடுத்தாள். என் மனைவிக்குத் தெரியாமல் அந்தச் சர்க்கரையை ஒரு வாரம் நான்தான் தின்றேன்.

வீடு தேட ஷவுகத் அலியோடு நானும் போனேன். என்னைக் கூட்டிப்போனால் பெரிய மனுஷர் ஒருவர் கூட வருகிறார் என்று இருக்குமாம். திருநின்றவூரில் ஏரிப்பக்கம் மூன்று வீடு. மூன்றிலும் குழாயைத் திறந்து காட்டினார்கள். "சார் பேரு?" என்றார்கள். நான் முந்திக்கொண்டு, "நான் நல்லா தெரிஞ்சவன், தங்கமான குடும்பம்" என்றேன். "அது சரிங்க, பேரு?" என்றார்கள். கடைசியில் வேப்பம்பட்டில் ஸ்டேஷனுக்குப் பின்னால், வெளிப்பூச்சு இல்லாத ஒரு வீடு. வீட்டுக்காரர் வெளியூரில். தரகர் பேரைக் கேட்டார், இரண்டு மாச வாடகை கூடுதலாகத் தரகு கேட்டார், சாவியைக் கொடுத்தார். அங்கேயிருந்து சைமா அதிகாலையில் வண்டி பிடித்து, ஐந்தாவது ஸ்டேஷனில் இறங்கி, பள்ளிக்கூடம் போகவேண்டும்.

தை நாலாம் தேதி சின்ன லாரி வந்தது. கட்டில், தையல் மெஷின், பாத்திர மூட்டை எல்லாம் ஏறின. ஃபிரிட்ஜை வேம்புலி வந்து நிமிர்த்தி வைத்து, கதவைக் கயிறு போட்டுக் கட்டினார். "சாய்க்காம எடுத்துனு போங்க. போன ஒடனே போட்டுறாதீங்க. நாலு மணி நேரம் சும்மா நிக்கட்டும். அதுக்கும் எடம் பழகணும்ல" என்றார். கூலி வாங்கவில்லை. அவருக்குத் தன்மேல்தான் கோபம். "வாய வெச்சிகினு சும்மா ஓட்டைய மட்டும் குத்திட்டு வந்துகீலாம்" என்று இரண்டுதரம் சொன்னார்.

சைமா புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, லாரியில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போனேன். போய் வா என்று சொல்லலாம் என்று போனேன்.

"தாத்தா" என்றாள். "தெனம் நூறு பொய் சொல்லுவீங்களே. உங்க பொய்யில ஃபிரிட்ஜே டீக்கடை வரைக்கும் மிதக்கும். அன்னிக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்னா, உங்ககிட்ட ஸ்டாக் இல்லாம பூட்ச்சா?"

லாரி கிளம்பிற்று. பச்சையப்பன் தன் வாசலில் நின்று, லாரி பின்னால் எடுக்கும்போது சுவரில் இடிக்காமல் இருக்கக் கைகாட்டி வழி சொன்னார். "ஸ்டியரிங்க ஒடைச்சி எடு, ஒடைச்சி எடு, போலாம் ரைட்" என்றார். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காட்டுகிற அதே விரல்.

மாடி இப்போது காலியாக இருக்கிறது. துபாய்ப் பையன் இன்னும் வந்து சேரவில்லை. கேட்டில் பலகை தொங்குகிறது: சைவம் மட்டும்.

எங்கள் குறுக்குத் தெருவில் மொத்தம் முப்பத்தெட்டு வீடுகள். இதற்கும் கற்பூரம் அணைப்பேன்: அவற்றில் எந்த ஒன்றிலும், இன்று தேதி வரைக்கும், ஒரு முஸ்லிம் குடும்பம் குடியிருந்ததே இல்லை.